யூஜீனியாவின் இரத்தத்தில் இரண்டு இலக்கங்கள்

மாம்புரிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள் யூஜீனியா. பதினொரு வருடமாக அவள்தான் கூறுகிறாள். அக்கம்பக்கத்துத் துறைகளில் ஏலம் கூறுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். இந்தத் துறையில் மட்டும் அது ஒரு பெண்ணின் வேலையாகிப் போனதற்கு ஒரு காலைநேரத்துக் கோபம்தான் காரணம்.

அன்றைக்கு வழக்கமாக ஏலம் கூறுகிற மனிதர் வரவில்லை. படகுகள் கரையேறிவிட்டன. அவளுடைய புருசன் சவிரிமுத்துவின் படகில் மட்டும் நாற்பது அறக்குளா. வெயில் ஏற ஏற மீன் தளர்ந்துகொண்டிருந்தது. வியாபாரிகள் சுற்றி நின்று, ஆளுக்கொரு விலையைத் தாங்களாகவே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புருசனுக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த யூஜீனியாவுக்கு அந்தச் சிரிப்புத் தாங்கவில்லை. போத்தலைச் சவிரிமுத்துவின் கையில் திணித்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் பெட்டியின் மேல் ஏறி நின்று முதல் விலையைச் சொன்னாள். புத்தளத்திலிருந்து ஐஸ் லொறியோடு வருகிற நெய்னார், "இன்டைக்குப் பொம்பள ஏலமா?" என்று கேட்டார். ஏழாவது மீனுக்கு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தாவது மீனுக்குக் கையை உயர்த்தி உயர்த்தி அவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை மற்றப் படகுக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அவளுடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அலை இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும், ஆனால் காதைக் குத்தாது. ஒரே நேரத்தில் எட்டுப் பேர் விலை கேட்டாலும் யார் எதைக் கேட்டார் என்பது அவளுக்குத் தப்பாது. குரல் கரகரக்காமல் இருக்க ஒரு துண்டு அதிமதுர வேரை எப்போதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள். இது அவளுக்கு வெற்றிலை மாதிரி.

ஏலம் கூறத் தொடங்கி மூன்று வருடம் போயிருக்கும். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிடரியில் ஒரு வலி வந்து போகாமல் நின்றது. கிளினிக்கில் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து என்றார்கள். ஒரு குளிசை கொடுத்தார்கள். அது போதாமல் இரண்டாவதையும், அடுத்த வருடம் மூன்றாவதையும் சேர்த்தார்கள். பிறஷர் மட்டும் ஒரே இடத்தில் குந்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஊரில் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். "கத்துறதாலதான் ஏறுது" என்றாள் சவிரிமுத்துவின் அக்கா. "கோபத்தக் குறைச்சா எல்லாம் சரியாகும்" என்றார்கள் கோயிலுக்கு வருகிற பெண்கள். நெய்னாரும் ஒரு நாள் லொறியடியில் வைத்து, "தங்கச்சி, குறையா எடுக்காதீங்க. இந்தத் தொழில விட்டுட்டு வீட்டுல இருந்தாச் சொகமாகும்" என்றார். அவர் சொன்னதில் கள்ளம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அது கூடுதலாக உறுத்தியது.

தொழிலை அவள் விடவில்லை. உப்பை விட்டாள். வீட்டுக்கு ஒரு சட்டி, தனக்கு ஒரு சட்டி என்று இரண்டு கறி வைத்தாள். வருடக்கணக்காக உப்பில்லாத சோறு தின்றாள். கருவாடு காய்கிற கரையில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரு துண்டு கருவாட்டைத் தொடாமல் இருந்தாள். அப்படியிருந்தும் ஒரு நாள் கிளினிக்கில் மருந்து எழுதியவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒளிச்சுக் கருவாடு சாப்பிடுறீங்க போல" என்று சொன்னார். நூறு ஆண்களுக்கு நடுவே நின்று கூவுகிறவள், அந்த அறையிலிருந்து பேசாமல் வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண் நிறைந்தது.

இப்படி ஏழு வருடம் போயிற்று. கால் தசைகள் பிடித்து இழுக்கத் தொடங்கின. ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் கை நடுங்கியது. பிறகு ஒரு தை மாதத்துக் காலையில், ஒரு பெட்டி பாரைக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய விரல்கள் தாமாகவே மடங்கி இறுகின. கால்கள் நனைந்த கயிறு மாதிரித் துவண்டன. பெட்டியின் மேல் நின்றவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே அந்தப் பாரையின் கடைசி விலை வரைக்கும் கூறி முடித்தாள். முடித்த பிறகுதான், "இஞ்சருங்க, எனக்கு எழும்ப ஏலாமக் கிடக்கு" என்று சவிரிமுத்துவைக் கூப்பிட்டாள்.

நெய்னார் தன்னுடைய லொறியின் முன் ஆசனத்தில் அவளை ஏற்றிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வாங்கிய மீன் பின்னால் ஐஸில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நஜாத் என்ற இளம் பெண் வைத்தியர் வந்து பார்த்தார். இரத்தத்தில் பொட்டாசியம் என்ற சத்து இரண்டு புள்ளி ஆறுக்கு இறங்கியிருந்தது. மூன்றரைக்கு மேலே இருக்க வேண்டியது அது. "இதாலதான் கால் கை விழுந்தது" என்றார் அவர். சேலைன் போத்தலோடு பொட்டாசியமும் சேர்ந்து ஏறத் தொடங்கியது. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை குளிசை எடுக்கிறீங்க அக்கா?"

"மூணு."

"ஒழுங்கா எடுக்கிறீங்களா?"

யூஜீனியா தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தாள். "டொக்டர், எல்லாரும் இதத்தான் கேக்கிறாங்க. ஒரு நாள் தவறினது இல்ல. உப்பும் இல்ல, கருவாடும் இல்ல. நீங்களும் நம்ப மாட்டீங்க."

"நான் நம்புறன்" என்றார் நஜாத். "நம்புறதாலதான் இன்னொரு பக்கம் தேடப் போறன்."

ஏழு வருடத்தில் இந்தச் சொல்லை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நஜாத் கொப்பியின் பின் பக்கத்தில் இரண்டு அவரை விதை மாதிரிக் கீறி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறிய தொப்பி போட்டார். "இது சிறுநீரகம். மேல இருக்கிற இந்தத் தொப்பி ஒரு சுரப்பி. அல்டோஸ்டெரோன் என்டு ஒரு சுரப்புநீர் இதுல இருந்து வரும். அது சிறுநீரகத்துக்கிட்டச் சொல்றது என்னண்டா, உப்பப் பிடிச்சு வை, பொட்டாசியத்த வெளியில தள்ளு. அளவா இருந்தா நல்லது. கூடிப்போனா உப்பு உள்ளுக்கு நிக்கும், அதோட தண்ணியும் நிக்கும், பிறஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்."

"நான் உப்பே சாப்பிடல்லயே டொக்டர்?"

"சாப்பிடுற கொஞ்சத்தயும் உங்கட உடம்பு விடாமப் பிடிச்சு வைக்குதோ என்டுதான் பாக்கணும். அந்த அல்டோஸ்டெரோனும் தன்ட பாட்டுல வேல செய்யக்கூடாது. ரெனின் என்டு இன்னொன்டு இருக்கு. உடம்புல உப்போ பிறஷரோ குறைஞ்சாச் சிறுநீரகம் ரெனின விடும். ரெனின் கூப்பிட்டாத்தான் அல்டோஸ்டெரோன் எழும்பணும். ஒரே ரத்தத்துல ரெண்டையும் அளந்து பாத்தா விளங்கும்."

யூஜீனியா அந்தப் படத்தைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்ப முன்னர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்து வந்த அறிக்கை யாருக்கும் உதவவில்லை. ரெனின் குறைவாக இருந்தது, அல்டோஸ்டெரோன் இரண்டுங்கெட்டானாக நடுவில் நின்றது. "இத வச்சு ஒன்டும் நிச்சயமாச் சொல்ல ஏலா" என்றார் நஜாத். "இந்தச் சோதனைய எதுவும் குழப்பும். சில குளிசை குழப்பும், பொட்டாசியம் இறங்கி இருந்தாக் குழப்பும். இன்னொரு தரம் எல்லாத்தயும் ஒழுங்கு பண்ணிட்டுச் செய்வம்."

ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிற பஹ்மாவிடம் அவளை அனுப்பினார். பஹ்மா சிரித்த முகமுள்ளவள், ஆனால் சட்டம் பிசகாதவள். சோதனைக்கு முன்னர் என்னென்ன கூடாது என்பதை யூஜீனியாவின் கொப்பியிலேயே தமிழில் எழுதினாள், எழுத எழுத வாசித்தாள். இன்ன குளிசைகளை டொக்டர் மாற்றித் தருவார், நீங்களாக ஒன்றையும் நிறுத்தக் கூடாது. பொட்டாசியம் மருந்தை விடக் கூடாது. உப்பைக் குறைக்கக் கூடாது.

"பிறகு, அதிமதுரம் சாப்பிடக் கூடாது."

யூஜீனியாவின் வாய் அசைவது நின்றது. அந்த நேரமும் கன்னத்தில் ஒரு துண்டு இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் மனம் எங்கெல்லாமோ போய் வந்தது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மருந்து என்று நினைத்திருந்தால் அல்லவா சொல்வாள்? இப்போது சொன்னால், எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வேர்தான் என்று ஆகிவிடும். வேர் எதற்கு? குரலுக்கு. குரல் எதற்கு? ஏலத்துக்கு. ஊர் சொன்னது சரி என்று முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் இன்னொரு இலக்கம் இரண்டுங்கெட்டானாக வரும், அவ்வளவுதான்.

அவள் கைப்பையைத் திறந்து, சிறிய கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கன்னத்தில் இருந்ததையும் கைக்குட்டையில் துப்பினாள்.

"பத்து வருஷமாச் சப்புறன் தங்கச்சி. ஒவ்வொரு நாளும்."

பஹ்மா பேனையை மூடிவிட்டு நேரே டொக்டரிடம் போனாள். நஜாத் ஏசவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மணந்து பார்த்தார். "சொன்னது எவ்வளவு நல்லம் தெரியுமா? கூடச் சப்பினா இந்த வேரும் உப்பப் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தத் தள்ளும். ரெனினயும் அமத்தும், அல்டோஸ்டெரோனயும் அமத்தும். இது தெரியாம நான் அந்தப் பேப்பரப் பாத்துக்கொண்டிருந்தா ஒரு காலமும் விளங்கியிருக்காது."

"அப்ப எல்லாம் இதாலதானா டொக்டர்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆறு கிழமை நிப்பாட்டிப் பாப்பம்."

அந்த ஆறு கிழமையும் அவளுக்குச் சீவியம் முழுக்க ஞாபகம் இருக்கும். வேர் இல்லாமல் குரல் இரண்டாம் நாளே உடைந்தது. சுடுதண்ணீரைக் குடித்துக் குடித்துக் கூறினாள். குளிசைகள் மாறின. புதுக் குளிசையின் முதல் நாள் எழும்பி நின்றதும் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்தியரே சொல்லிவிட்டார் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு உப்பு போட்ட கறி தின்றாள். சவிரிமுத்து ஒரு கீளிக் கருவாட்டைச் சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு வைத்து அவள் முன்னால் நீட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றதை அவன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். அவனுடைய அக்கா வந்து, "பிறஷர்க்காரிக்குக் கருவாடா?" என்று பதறினாள். "டொக்டர் எழுதித் தந்த கருவாடு" என்றான் சவிரிமுத்து.

ஆறு கிழமை முடிந்து பார்த்தபோது பிறஷர் நூற்று எண்பத்தைந்து. மருந்து குடித்தும் பொட்டாசியம் மூன்றைத்தான் தொட்டிருந்தது. நஜாத்தின் முகம் யோசனையில் இறுகியது. யூஜீனியாவுக்கோ மனதுக்குள் ஒரு பாரம் இறங்கிற்று. வேர் இல்லை. வேராலே வந்தது இல்லை. நோய் இன்னும் இருக்கிறது என்று சந்தோசப்பட்ட ஒரே நோயாளி தானாகத்தான் இருக்கும் என்று அவள் பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

பொட்டாசியத்தை மருந்தைக் கூட்டி மேலே கொண்டுவந்த பிறகு, இரண்டாவது சோதனைக்கு நாள் குறித்தார்கள். அன்று விடியவே எழும்பி, குளித்து, முற்றம் கூட்டி, புத்தளம் பஸ்ஸில் வேண்டுமென்றே சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து போனாள். எழும்பி இரண்டு மணித்தியாலமாவது படுக்காமல், நின்றும் நடந்தும் இருந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது பஹ்மாவின் எழுத்து. ஆய்வுகூட வாசலில் பஹ்மா அவளைக் கதிரையில் இருத்தி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பதினஞ்சு நிமிஷம் இப்பிடியே இருங்க அக்கா. கையப் பொத்திப் பொத்தி விரிக்க வேணாம், பொட்டாசியம் பிழையாக் காட்டும்."

ஊசி ஏறியது, குழாய் நிறைந்தது. பஹ்மா அதை மேசையிலிருந்த தாங்கியில் சும்மா செருகினாள். யூஜீனியாவுக்குத் திக்கென்றது. சரக்கு வெளியே கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது.

"தங்கச்சி, ஐஸ்ல வைக்கல்லயா? பழுதாப் போகாதா?"

"இது மீன் இல்லயே அக்கா" என்று பஹ்மா சிரித்தாள். "மத்த ரத்தமெண்டாச் சிலத ஐஸ்ல வைப்பம். இத இப்ப குளிர்ல வச்சா, தூங்கிக்கொண்டு கிடக்கிற ரெனினெல்லாம் எழும்பிடும். அங்க அளக்கிற நேரம் கூடக் காட்டும். சூடு தணியாம மெஷின்ல சுத்தித் தெளிஞ்சத எடுத்து, பிறகுதான் ஒரேயடியா உறைய வச்சு அனுப்புவம்."

ஐஸில் வைத்தால் பழுதாகிற ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்பதை அன்று மாலை கரையில் அவள் எல்லோருக்கும் சொன்னாள். நெய்னார் நம்பவில்லை.

முடிவு வந்த நாளில் சவிரிமுத்துவும் கூடப் போனான். நஜாத் பேப்பரை மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "வாசிங்க அக்கா. உங்கட ரத்தம்தானே."

இங்கிலீசு எழுத்து அவளுக்குத் தடுமாறும், ஆனால் இலக்கம் தடுமாறாது. அல்டோஸ்டெரோன் முப்பத்து நாலு. ரெனின் புள்ளி இரண்டு.

"முதலாவத ரெண்டாவதால பிரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நஜாத் போனைக் கையில் எடுத்தார். "முப்பதத் தாண்டினாலே சந்தேகப்படுவம்..."

"நூற்று எழுபது" என்றாள் யூஜீனியா.

நஜாத் போனில் பிரித்துப் பார்த்தார். நூற்று எழுபதுதான். சவிரிமுத்து டொக்டரைப் பார்த்த பார்வையில், கண்டீங்களா என்ற கேள்வி அப்படியே தெரிந்தது.

"ஆனா அந்த ஒரு இலக்கத்த மட்டும் நம்பவும் கூடாது" என்றார் நஜாத். "கீழ இருக்கிறது மிச்சம் சின்னதா இருந்தா, மேல என்ன இருந்தாலும் விடை பெருசாத்தான் வரும். அதால மேல இருக்கிறதயும் தனியாப் பாக்கணும். உங்களுக்கு அதுவும் உயரம், மருந்தில்லாட்டிப் பொட்டாசியமும் இறங்குது. ரெனின் இல்லவே இல்லங்கிற மாதிரி. விளங்குதா?"

யூஜீனியா பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏலத்தில் கடைசி இரண்டு பேர் மட்டும் போட்டிக்கு நிற்கிற நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று சவிரிமுத்து பிறகு சொன்னான்.

"விளங்குது டொக்டர். ரெனின்தான் ஏலம் கூறுறவ. அவ கூறினாத்தான் அந்த அல்டோஸ்டெரோன் விலை கேக்கணும். இஞ்ச அவ எப்பவோ வாய மூடிட்டா. விலை ஏறினது போதும், நிப்பாட்டுங்க என்டு சும்மா நிக்கிறா. அப்பிடியிருந்தும் ஒருத்தன் தன்ட பாட்டுல விலைய ஏத்திக்கொண்டே போறான். அப்ப அவன் ஏலத்துக்கு வந்தவன் இல்ல. கள்ளன்."

நஜாத் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு வருஷம் படிச்சு நான் விளங்கினத நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க. இத இனி நான் மத்தவங்களுக்கும் சொல்லுவன், பறவாயில்லயா?"

"சொல்லுங்க. ஆனா எனக்கு நீங்க ஒன்டு சொல்லணும். இது நான் கத்துறதால வந்ததா?"

"இல்ல."

"கோபத்தால?"

"இல்ல."

"உப்பால?"

"உப்பு அதக் கூட்டும், அளவோடதான் இருக்கணும். ஆனா உப்பால வந்தது இல்ல. அந்தத் தொப்பியில ஒரு சின்னக் கட்டி இருக்கலாம், அனேகமா ஆபத்தில்லாத கட்டி. அதுதான் கள்ளன்."

"அத எழுதித் தாங்க."

நஜாத் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, கொப்பியை எடுத்து, இந்த நோய்க்கு இவருடைய குரலோ தொழிலோ காரணம் அல்ல என்று தமிழில் எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அன்று பின்னேரம் சவிரிமுத்து அந்தப் பக்கத்தை அக்காவின் வீட்டு வாசலில் நின்று உரத்து வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான்.

பிறகு ஸ்கான். இடது பக்கத் தொப்பியில் ஒரு கச்சான் பருப்பளவுக் கட்டி. அதுதானா கள்ளன் என்று நிச்சயப்படுத்தக் கொழும்பில் இரண்டு பக்கச் சுரப்பிகளின் இரத்த நாளங்களிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இடதுதான். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள்.

சத்திரசிகிச்சைக்கு வார்டில் சேர்க்கிற நாளில் பத்திரம் நிரப்பிய எழுதுவினைஞர் அவளைக் கேட்காமலே தொழில் என்ற இடத்தில் வீட்டுப்பெண் என்று எழுதினார். சாதாரணமாக ஆஸ்பத்திரியில் வாயே திறக்காத சவிரிமுத்து, குனிந்து மேசையில் கை வைத்து, "அத வெட்டுங்க மாத்தயா" என்றான். "மாம்புரித் துறையில ஏலம் கூறுறவ. அப்பிடி எழுதுங்க." எழுதுவினைஞர் வெட்டி எழுதினார். யூஜீனியா சுவரைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் கட்டி இருபது வருடத்தில் அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த எதுவும் அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

அவள் இல்லாத ஐந்து கிழமையும் ஏலம் கூறியது சவிரிமுத்துதான். கொழும்பில் அவளைச் சேர்த்த நாளையும் சத்திரசிகிச்சை நாளையும் தவிர, கரையில் அவன் பெட்டியின் மேல் ஏறினான். சத்திரசிகிச்சைக்கு மூன்றாம் நாள் நெய்னார் வார்டுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, எப்பிடிச் சொகம்? அல்லாட காவல். ஒன்டு செல்லணும். உங்கட மாப்புள ஏலம் கூறுறாரு, மையத்து ஊட்டுல கதைக்கிற மாதிரிக் கூறுறாரு. என்ன விலையென்டு அவருக்கே கேக்குதில்ல. சுருக்கா வாங்க."

சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து நஜாத் பார்த்தபோது பிறஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. பொட்டாசியம், மருந்தே இல்லாமல், நாலு புள்ளி மூன்று. மூன்று குளிசை இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. "இத்தனை வருஷம் அடிபட்ட குழாய்கள், அதால ஒன்டு தேவைப்படும்" என்றார் நஜாத். ஒன்றுதானே, பரவாயில்லை என்றாள் யூஜீனியா. கடைசி நாளில் ஆய்வுகூடத்துக்கும் போய், பஹ்மாவுக்கு ஒரு பை நிறையப் பொரித்த சூடைமீன் கொடுத்தாள்.

கரைக்குத் திரும்பிய காலையில் அவள் ஆரவாரம் எதுவும் செய்யவில்லை. பெட்டியின் மேல் ஏறினாள், முதல் கூறில் கிடந்த பாரையைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள், விலையைச் சொன்னாள். கால் நடுங்கவில்லை. அதிமதுரம் இல்லாத குரல் முன்னையதைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. அலைக்கு மேலே ஏறியது. வியாபாரிகளில் யாரோ கை தட்டினார்கள். "கைதட்டினா விலை கேட்டதாத்தான் எடுப்பன்" என்றாள் அவள். தட்டின கைகள் அந்தக் கணமே அடங்கின. சவிரிமுத்து தன் படகின் முன்னால், அணியத்தில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக்குக்குப் போகிறாள். போகிற நாளில் அவளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேரும். எத்தனை குளிசை, பொட்டாசியம் பார்த்ததா, அந்த இரண்டையும் ஒரே இரத்தத்தில் அளந்ததா என்று அவள் கேட்பாள். எல்லோருக்கும் இந்த நோய் இல்லை என்பதையும் சொல்வாள். ஆனால் மூன்று குளிசைக்கும் அடங்காத பிறஷர் என்றால் ஒரு தரம் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை என்பாள்.

போன மாதம் கற்பிட்டியிலிருந்து வந்த அஸ்ரியா என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது இருக்கும், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவள். நாலாக மடித்த பேப்பர் ஒன்றை நீட்டினாள்.

"ராத்தா, நீங்க பாத்தா விளங்கும் என்டு செல்றாங்க. எனக்கும் அந்தக் கட்டி ஈக்கிதா?"

யூஜீனியா பேப்பரை விரித்து, இரண்டு இலக்கங்களையும் பார்த்து, மனதுக்குள் பிரித்தும் பார்த்தாள். விடையைச் சொல்லவில்லை.

"நான் டொக்டர் இல்ல தங்கச்சி. இருக்கா இல்லயா என்டு நான் சொல்லக் கூடாது. ரத்தம் எடுத்த அன்டைக்கு உங்களுக்குப் பொட்டாசியம் எவ்வளவு?"

"தெரியா."

"அன்டைக்கு என்ன குளிசை எடுத்தீங்க?"

"எப்பவும் எடுக்கிறது எல்லாம் எடுத்தன்."

"அதுல ஏதும் இந்தச் சோதனையக் குழப்புமோ என்டு யாரும் சொன்னாங்களா?"

அஸ்ரியா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப உள்ளுக்குப் போனவுடன இந்த மூணையும் கேளுங்க. மறந்துடாதீங்க. பயந்து பயந்து கேக்க வேணாம், உங்கட ரத்தம்தானே. சத்தமாக் கேளுங்க."

அஸ்ரியா மூன்று கேள்விகளையும் விரல் மடித்துச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள், கதவு பாதி சாத்தியபடி நின்றது. பிறகு அவளுடைய குரல், முதலில் மெதுவாகவும் அடுத்த கேள்விக்கு நன்றாக உயர்ந்தும், வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.